குற்ற ஒப்புதலும் மனித மனமும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், தெரு விளக்கின் அடியில் பாய் விரித்து, பத்துப் பதினைந்து பிள்ளைகளை அமர்த்தித் தொடங்கப்பட்ட இரவுப் பாடசாலை, இன்று ஒரு கல்விச் சங்கமாக வளர்ந்து வெள்ளி விழாக் காண்கிறது. அன்று பாயில் அமர்ந்தவர்களுள் சிலர் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் இம்மன்றத்தில் அமர்ந்திருப்பதைக் காணும்போது என் உள்ளம் நிறைகிறது.

"கல்வியும் முன்னேற்றமும்" என்ற பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அப்பொருளில் ஆண்டுதோறும் பேசியே வருகிறேன். எனவே, இவ்வாண்டு வேறொரு பொருளில் பேச அனுமதி வேண்டினேன். அவர்களும் அன்புடன் இசைந்தார்கள். மனித மனத்தைப் பற்றி உளவியல் அறிஞர்கள் கண்டறிந்த உண்மைகள், காவல் நிலையத்திலும் நீதி மன்றத்திலும் எவ்வாறு பயன்படுகின்றன, எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதே அப்பொருள். நான் சட்டம் பயின்றவன் அல்லன். உளவியலில் பட்டம் பெற்றவனும் அல்லன். பி.எட். வகுப்பில் கல்வி உளவியல் படித்த ஒரு பள்ளி ஆசிரியன், அவ்வளவே. எனினும், இப்பொருளை நான் நாடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன், நான் பட்டதாரி ஆசிரியனாகக் கடற்கரை ஊர்ப் பள்ளியொன்றில் பணியாற்றிய காலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் 1,200 ரூபாயை ஓர் உறையில் இட்டு மேசை அறையில் வைத்திருந்தேன். மாலையில் பார்த்தபோது உறையைக் காணவில்லை. நண்பகல் இடைவேளையில் வகுப்பில் தனியாக இருந்தவன் ஒரே ஒரு மாணவன். நம் தெருவைச் சேர்ந்த பிள்ளை. கூலி வேலை செய்பவரின் மகன். மாற்றுச் சட்டை இல்லாதவன். அவனே எடுத்திருப்பான் என்று என் மனம் அந்நொடியே முடிவு செய்துவிட்டது.

அவனை ஆய்வுக் கூடத்திற்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினேன். கை ஓங்கவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் விடவும் இல்லை. "நீ எடுத்ததை ஒரு பையன் பார்த்திருக்கிறான்" என்றேன், அது பொய். "ஒப்புக்கொண்டால் யாரிடமும் சொல்ல மாட்டேன், உடனே வீட்டுக்குப் போகலாம்" என்றேன். அவன் கைகள் நடுங்கின, நா உலர்ந்தது. குற்றம் செய்த நெஞ்சுதான் நடுங்குகிறது என்று நான் எண்ணினேன். இருட்டத் தொடங்கிய வேளையில் அவன், "எடுத்தேன் சார்" என்றான்.

எங்கே என்று கேட்டேன். சவுக்குத் தோப்பில் புதைத்ததாகச் சொன்னான். தோண்டிப் பார்த்தோம், இல்லை. பிறகு கடையில் செலவழித்ததாகச் சொன்னான். கடைக்காரர் இல்லையென்றார். அவன் சொன்ன ஒவ்வொன்றும் பொய்யாகப் போகப்போக, அவனை நிரபராதி என்று நான் ஐயுறவில்லை. பெரிய கள்ளன் என்றே எண்ணினேன். அவன் தந்தை வட்டிக்குக் கடன் வாங்கி 1,200 ரூபாயைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள், வீட்டில் திருத்துவதற்காக நான் எடுத்துச் சென்றிருந்த விடைத்தாள் கட்டுக்குள் அந்த உறை இருந்தது. வைத்தவன் நானே.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பின் முன்னிலையில் உண்மையைச் சொன்னேன். "எடுக்காத பணத்தை ஏன் எடுத்ததாகச் சொன்னாய்?" என்று அவனிடம் கேட்டேன். "சொன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன் சார்" என்றான். சில நாள் பள்ளிக்கு வந்தான்; பின்னர் நின்றுவிட்டான். எவ்வளவு அழைத்தும் அவன் வரவில்லை.

நான் காவல் அதிகாரி அல்லன்; கையில் தடியும் இல்லை; அவன் சாதியைச் சேர்ந்தவன்தான் நானும். சிறு வயதில் ஊர்த் தெருவில் ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் எங்களைப் பார்த்த கண்களை நானும் அறிவேன். அப்படிப்பட்ட நானே இதைச் செய்தேன் என்றால், தடியும் அதிகாரமும் பூட்டிய அறையும் உள்ள இடத்தில் என்ன நேரும்? இக்கேள்வியே என்னை நூலகங்களுக்கு இட்டுச் சென்றது.

கிட்டியிலிருந்து சட்டம் வரை

ஒருவன் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டால் வழக்கு முடிந்தது என்ற எண்ணம் மிகப் பழையது. அதன் விளைவை நம் சென்னை மாகாணமே கண்டது. கும்பினி ஆட்சியில் வரி வசூலிக்கவும் குற்றங்களை ஒப்புக்கொள்ள வைக்கவும் சித்திரவதை நடைபெறுவதாக எழுந்த புகாரை ஆராய, சென்னையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பெற்று, 1855ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. விரல்களை மரக் கட்டைகளுக்கிடையே நெரிக்கும் "கிட்டி", தலையைக் குனிய வைத்துக் கால் விரலோடு பிணைத்து வெயிலில் நிறுத்தல் போன்ற கொடுமைகள் அவ்வறிக்கையில் பதிவாயின. காரல் மார்க்சு 1857இல் நியூயார்க் நாளேடொன்றில் இவ்வறிக்கையைச் சுட்டி எழுதினார்.

இதன் பின்னரே, காவல் அதிகாரியிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்ற விதி 1861ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்றது. 1872இல் அதுவே இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவாயிற்று. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் தன் 23ஆம் பிரிவில் இவ்விதியைக் காத்து நிற்கிறது. வெள்ளையர் வகுத்த சட்டமாயினும், இதன் அடியில் நம் மக்களின் நெரிந்த விரல்கள் உள்ளன என்பதை இளைஞர்கள் மறத்தலாகாது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பெற்ற நம் அரசியலமைப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் அவருக்கு எதிராக அவரே சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்று 20ஆம் உறுப்பின் 3ஆம் உட்பிரிவு விதித்தது.

ஆயினும் ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன செய்தியைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அச்செய்தியில் அப்பொருளோடு தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். ஆகவே "சொல்ல வைக்க வேண்டும்" என்ற வேட்கை காவல் நிலையங்களிலிருந்து முற்றாக அகலவில்லை. 1993ஆம் ஆண்டில், இன்றைய கடலூர் மாவட்டத்து முதனை என்னும் ஊரில், நகைத் திருட்டு என்ற பெயரில் பிடித்துச் செல்லப்பட்ட இராசாக்கண்ணு என்ற குறவர் இனத் தொழிலாளி, காவலில் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல் துறையினர் கூறினர். அவருடைய மனைவியின் விடாமுயற்சியாலும், வழக்கறிஞராயிருந்து பின்னாளில் நீதிபதியான சந்துரு அவர்களின் உழைப்பாலும் அப்பொய் வெளிப்பட்டது. 2021இல் வெளிவந்த "ஜெய் பீம்" திரைப்படத்திற்கு அடிப்படையான வழக்கு இதுவே.

நிரபராதி ஏன் ஒப்புக்கொள்கிறான்?

"அடித்தால் எவனும் ஒப்புக்கொள்வான், இதற்கு உளவியல் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அடிக்காமலேயே ஒப்புக்கொள்வான் என்பதே உளவியல் நமக்குச் சொல்லும் செய்தி.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சால் காசின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய உடனாய்வாளரும் ஒரு சோதனை நடத்தினார்கள். கல்லூரி மாணவர்களைக் கணினியில் எழுத்துகளைத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். குறிப்பிட்ட ஒரு விசையை மட்டும் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் கணினி செயலிழந்துவிடும் என்று எச்சரித்தார்கள். சிறிது நேரத்தில் கணினி தானாகவே செயலிழக்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. "நீ அந்த விசையைத் தொட்டாய்" என்று ஒவ்வொருவர்மீதும் குற்றஞ்சாட்டினார்கள். ஒருவர்கூட அதைத் தொடவில்லை. எனினும், நூற்றுக்கு 69 பேர் "நானே தொட்டேன்" என்று எழுதப்பட்ட தாளில் கையெழுத்திட்டார்கள். அது மட்டுமன்று, நூற்றுக்கு 28 பேர், தாம் தொட்டது உண்மையே என்று மனத்தாலும் நம்பிவிட்டார்கள். "நீ தொட்டதை நான் பார்த்தேன்" என்று மற்றொருவர் பொய்யுரைத்தபோது, ஒப்புதல் இன்னும் மிகுந்தது.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "ஒரு பையன் பார்த்திருக்கிறான்" என்று நான் சொன்ன பொய் என் காதில் ஒலித்தது.

பொய்யான ஒப்புதல்களை அறிஞர்கள் மூவகையாகப் பிரிக்கிறார்கள். தாமே முன்வந்து ஒப்புக்கொள்வது முதல் வகை. பிள்ளையைக் காக்கத் தந்தை பழியை ஏற்பது போன்றது. அப்போதைய துன்பத்திலிருந்து தப்பினால் போதும் என்று ஒப்புக்கொள்வது இரண்டாம் வகை. தொடர்ந்த விசாரணையால் தன் நினைவின்மீதே நம்பிக்கை இழந்து, "நான்தான் செய்திருப்பேனோ" என்று நம்பிவிடுவது மூன்றாம் வகை. இளம் வயதினரும், உறக்கமற்றவரும், அச்சமுற்றவரும், அறிவு வளர்ச்சி குன்றியவரும், பெரியோர் சொல்லை மறுத்துப் பழகாதவரும் இரண்டாம், மூன்றாம் வகைகளில் எளிதில் வீழ்கிறார்கள். "ஐயா சொன்னால் சரி" என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சமுதாயத்துக்கு இது எத்துணை ஆபத்தானது என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

வியப்பான மற்றோர் உண்மையும் உண்டு. குற்றமற்றவன்தான் எளிதில் அகப்படுகிறான். "நான் தவறு செய்யவில்லை, எனக்கு என்ன பயம்? உண்மை தானே வெளிவரும்" என்று எண்ணி அவன் வழக்கறிஞரை நாடுவதில்லை, மௌனமாயிருக்கும் உரிமையையும் பயன்படுத்துவதில்லை. உண்மை தானே வெளிவரும் என்பது நல்ல நம்பிக்கை. ஆனால் அன்று என் ஆய்வுக் கூடத்தில் உண்மை வெளிவரவில்லை. விடைத்தாள் கட்டுக்குள் இருந்தது.

இங்கிலாந்தில் 1972ஆம் ஆண்டு ஒரு கொலை வழக்கில் 18, 15, 14 வயதுடைய மூன்று இளைஞர் விசாரிக்கப்பட்டனர். பதினெட்டு வயது இளைஞனின் மனவளர்ச்சியோ எட்டு வயதுப் பிள்ளையினது. வழக்கறிஞரின் துணையின்றி விசாரிக்கப்பட்டு, அவர்கள் தந்த ஒப்புதலைக் கொண்டு தண்டிக்கப்பட்டனர். 1975இல் மேல் நீதி மன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அந்நாட்டார் அத்துடன் விட்டுவிடவில்லை. விசாரணைக் குழு அமைத்தார்கள்; உளவியலாரின் ஆய்வுகளைக் கேட்டார்கள்; 1984இல் புதிய சட்டம் இயற்றினார்கள். காவல் நிலைய விசாரணையை ஒலிப்பதிவு செய்வதும், சிறுவர்களை உரிய பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது விசாரிப்பதும் நடைமுறைக்கு வந்தன. ஒப்புதலைக் கறந்தெடுப்பதற்கு மாறாகச் செய்தியைத் திரட்டுவதே விசாரணையின் நோக்கம் என்று 1990களில் காவலர்க்குப் புதுப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. நம் நாட்டிலும், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதிவு செய்யும் கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்துமாறு உச்ச நீதி மன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது.

கண்ணால் கண்ட சாட்சி

ஒப்புதலுக்கு அடுத்தபடியாக நாம் பெரிதும் நம்புவது கண்ணால் கண்ட சாட்சியை. ஆனால், கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் பழமொழியாகவே சொல்லி வைத்தார்கள்.

மாமல்லபுரத்துப் பெரும் பாறைச் சிற்பத்தை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் அம்மனிதன் அருச்சுனன் என்பர் ஒரு சாரார். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். அது 1,300 ஆண்டுகளாக அசையாமல், பட்டப்பகலில், எல்லார் கண்ணெதிரிலும் நிற்கும் கல். கற்றறிந்தோர் பன்முறை பார்த்தும் அதைப் பற்றி ஒருமுடிவுக்கு வர இயலவில்லை. அங்ஙனமாயின், நள்ளிரவில் ஒரு நொடி ஓடி மறைந்த முகத்தை ஒருவர் ஐயமின்றி அடையாளம் காட்டுகிறார் என்றால், நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டாவா?

எலிசபெத் லோஃப்டசு என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1974இல் தம் உடனாய்வாளருடன் வெளியிட்ட ஆய்வு புகழ் பெற்றது. இரு மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். "வண்டிகள் மோதி நொறுங்கியபோது என்ன வேகத்தில் சென்றன?" என்று சிலரிடமும், "வண்டிகள் ஒன்றையொன்று தொட்டபோது என்ன வேகத்தில் சென்றன?" என்று வேறு சிலரிடமும் கேட்டார்கள். நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். தொட்டது என்ற சொல்லைக் கேட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். பார்த்த படம் ஒன்றே. கேட்ட சொல்தான் வேறு. பின்னர் நடந்த மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. எனினும், நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள்; இடித்தது என்ற மென்மையான சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 7 பேரே அவ்வாறு கூறினார்கள். இவர்கள் பொய் சொன்னவர்கள் அல்லர். கேள்வியே அவர்களுடைய நினைவுக்குள் புகுந்து, இல்லாத கண்ணாடியை உடைத்துவிட்டது.

நம் வாழ்வோடு நெருங்கிய மற்றோர் ஆய்வு, ஆல்போர்ட்டு, போசுட்மன் என்பார் 1947இல் வெளியிட்டது. இரயில் பெட்டியில் வெள்ளை மனிதன் ஒருவன் கையில் சவரக் கத்தியுடன் ஒரு கறுப்பு மனிதனோடு பேசுவது போன்ற படத்தை ஒருவருக்குக் காட்டினார்கள். பார்த்தவர் பாராத ஒருவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, செய்தி கை மாறிச் சென்றது. பாதிக்கு மேற்பட்ட சோதனைகளில், வழியில் ஏதோ ஓரிடத்தில், கத்தி கறுப்பு மனிதனின் கைக்கு மாறிவிட்டது! அன்பர்களே, அந்தக் கத்தியை யாரும் திட்டமிட்டு மாற்றவில்லை. மனத்தில் ஊறிக் கிடந்த எண்ணம் மாற்றியது. ஊரில் ஒரு மாடு காணாமற் போனாலும், ஒரு கதவு உடைந்தாலும், செய்தி கை மாறி வரும்போது அந்தக் கத்தி எந்தத் தெருவுக்கு வந்து சேரும் என்பதை நாம் அறிவோம்.

பிறப்பைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளி எனக் கருதும் இவ்வெண்ணம் சட்டமாகவே இருந்த காலமும் உண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. 1947இல் இங்கு நீக்கப்பட்டது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது. சட்டம் ஒழிந்தது, எண்ணம் ஒழியவில்லை. சிறைக் கையேடுகளில் சாதியைக் கொண்டு வேலை பிரிக்கும் விதிகள் செல்லாவென உச்ச நீதி மன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபரில்தான்.

தவறான அடையாளம் எவ்வளவு பெரிய கேடு என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 1992இல் தொடங்கப்பட்ட நிரபராதிகள் மீட்பு அமைப்பொன்று, மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என மெய்ப்பிக்கப்பட்ட முதல் 375 பேரின் வழக்குகளைத் தொகுத்துள்ளது. அவற்றுள் ஏறத்தாழப் பத்துக்கு ஏழில் சாட்சிகள் ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார்கள். பத்துக்கு ஏறத்தாழ மூன்றில் பொய்யான குற்ற ஒப்புதல் இருந்தது.

ஆகவேதான், அடையாள அணிவகுப்பை நடத்தும்போது ஒத்த உருவமுடைய பலரோடு கலந்து நிறுத்த வேண்டும். முன்னதாகவே ஒளிப்படத்தையோ ஆளையோ சாட்சிக்குக் காட்டலாகாது. யார் ஐயத்துக்குரியவர் என்பதை அணிவகுப்பை நடத்துவோரே அறியாதிருத்தல் நலம் என்றெல்லாம் உளவியலார் வற்புறுத்துகிறார்கள்.

இயந்திரம் உண்மை சொல்லுமா?

மனிதன் பொய் சொல்கிறான். இயந்திரத்தைக் கேட்போம் என்று சிலர் எண்ணினார்கள். பொய் காட்டும் கருவி, மயக்க மருந்து ஏற்றி வினவும் சோதனை, மூளை அலைகளைப் பதிவு செய்யும் சோதனை ஆகியவை நம் நாட்டில் ஒரு காலத்தில் பெரிதும் கையாளப்பட்டன. செய்தித்தாள்களும் அவற்றை வியந்து எழுதின.

பொய் காட்டும் கருவி பொய்யைக் காட்டுவதில்லை. நெஞ்சுத் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றின் மாறுதலையே அது காட்டுகிறது. அச்சமுற்ற நிரபராதிக்கும் நெஞ்சு துடிக்கும், கை வியர்க்கும். என் மாணவனின் கை நடுக்கத்தை நான் படித்ததும், அக்கருவி படிப்பதும் ஒன்றே. மயக்க மருந்தின் வயப்பட்டவனோ நினைவையும் கற்பனையையும் கலந்து பேசுவான். கேட்பவர் குறிப்புக்கேற்ப விடை சொல்வான்.

இவ்வழக்கு உச்ச நீதி மன்றத்துக்குச் சென்றது. செல்வி எதிர் கர்நாடக அரசு என்பது அதன் பெயர். 2010 மே 5ஆம் நாள், தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் அவர்களை உள்ளிட்ட மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாக இச்சோதனைகளுள் எதனையும் அவர்மீது நடத்தலாகாது. அவ்வாறு நடத்துவது 20(3)ஆம் உறுப்புக்கும், வாழ்வுரிமை வழங்கும் 21ஆம் உறுப்புக்கும் முரணாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். உளவியல் ஆய்வுகளை விரிவாக ஆராய்ந்து அத்தீர்ப்பு எழுதப்பட்டது. தலைமை நீதிபதியாயிருந்த பாலகிருஷ்ணன் அவர்கள், கேரளத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பமொன்றில் பிறந்து, உச்ச நீதி மன்றத்தின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதல் தலித் என்பதை இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள்.

இளைஞர்கள் அறிய வேண்டியவை

இவற்றையெல்லாம் கேட்டபின் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்ற வினா எழும். சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது: கைது செய்யப்பட்டால், காரணத்தை அறியும் உரிமையும், விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்படும் உரிமையும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு தந்தவை. விசாரணையின்போது, முழு நேரமும் அல்லாவிடினும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை உண்டு.

இரண்டாவது: புலன் விசாரணையில் நீங்கள் காவல் அதிகாரியிடம் சொல்வதை அவர் எழுதிக்கொண்டாலும், அதில் உங்கள் கையெழுத்தைப் பெறலாகாது என்பது சட்டம். கைதுக் குறிப்பாணையில் கையெழுத்திடுவது வேறு. அதைப் படித்துப் பார்த்து இடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் இடாதீர்கள்.

மூன்றாவது: நடுவர்முன் குற்ற ஒப்புதல் பதிவு செய்யப்படும்போது, "ஒப்புதல் தர நீ கடமைப்பட்டவன் அல்லன்" என்று அவர் சொல்லியாக வேண்டும். நீங்கள் தர மறுத்தால், அதன்பின் உங்களைக் காவல் துறையின் பிடிக்கு அவர் திருப்பி அனுப்பலாகாது. அந்நேரத்தில் வாய் திறந்து உண்மையைச் சொல்லும் துணிவு வேண்டும்.

நான்காவது: பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவரையும், பெண்களையும், அறுபது வயதைக் கடந்த ஆடவரையும் சாட்சி விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வருமாறு கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத எவரையும் காவல் நிலையப் பூட்டறையிலோ சிறையிலோ வைத்தலாகாது.

ஐந்தாவது: பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழங்கியுள்ளது. 15100 என்ற எண்ணைப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல் மனப்பாடம் செய்யட்டும். நம் மக்கள்மீது பொய் வழக்குத் தொடுப்பதே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்த் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அறிந்திருங்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். குற்றவாளியைத் தப்ப வைக்க நான் வழி சொல்லவில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் பொற்கொல்லனின் சொல்லை நம்பி, தீர விசாரியாமல் கோவலனைக் கொல்வித்தான். சிலம்பைத் திருடியவனோ அந்தப் பொற்கொல்லனே. குற்றமற்றவன் தண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் குற்றவாளி தப்புகிறான். ஆகவே, நல்ல விசாரணை வேண்டும் என்பது பொருளைப் பறிகொடுத்தவரின் நன்மையும் ஆகும். நம் பிள்ளைகளில் சிலர் இன்று காவல் துறையிலும் பணியாற்றுகிறார்கள். ஒரு மனிதனை எதிரே நிறுத்தி வினவும்போது, "என் முடிவு தவறாயிருக்கலாம்" என்ற எண்ணத்தை நெஞ்சின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களை உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். இதனையே ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் சொல்வேன். பொய் ஒப்புதலைப் பிள்ளைகள் முதன்முதலில் பழகுவது நம் வீட்டிலும் வகுப்பறையிலுமே.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் என்று மட்டும் பிள்ளைகளை ஊக்குவிக்கிறோம். இனி, சட்டமும் உளவியலும் பயில விரும்பும் பிள்ளைகளுக்கும் சங்கத்தின் உதவித் தொகையில் இடம் தாருங்கள். இந்திய நீதி மன்றங்களில் சாதி எண்ணம் சாட்சியின் நினைவை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆராய நம்மினும் தகுதியுடையவர் யார்? இரவுப் பாடசாலையில் மாதம் ஒரு நாளாவது அடிப்படைச் சட்ட உரிமைகளைக் கற்பியுங்கள். இச்செங்கற்பட்டு மண்ணில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், வட்டமேசை மாநாடு வரை சென்று நமக்காக உரிமை கேட்டார். கேட்டுப் பெற்ற உரிமையை நாம் அறியாமலேயே இருந்துவிட்டால் அது ஏட்டளவில் நின்றுவிடும்.

இறுதியாக ஒரு செய்தி. என்னால் படிப்பை இழந்த அந்த மாணவர் இன்று மாமல்லபுரத்தில் கல் வேலை செய்கிறார். இரு பிள்ளைகளின் தந்தை. இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். இவ்வுரையில் அந்நிகழ்ச்சியைச் சொல்லலாமா என்று அவரிடம் சென்று கேட்டேன். உளியைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொல்லுங்க சார். பேரு மட்டும் வேணாம்" என்றார். அவர் தந்த அனுமதியால்தான் இன்று உங்கள்முன் பேசினேன். என் குற்ற ஒப்புதல் இது ஒன்றே. இதனை எவரும் என்னிடமிருந்து வற்புறுத்திப் பெறவில்லை.